தொட்டுட்டேன் அண்ணே

தொடக்கூடாத எதையாவது தொட்டுவிட்டால் அவர் உடனே சத்தமாகச் சொல்லிவிடுவார். "தொட்டுட்டேன் அண்ணே."

ரத்தம் பட்ட கையுறையோடு கதவுக் கைப்பிடியில் கை வைத்துவிட்டால் சொல்வார். நோயாளியைத் தூக்கிய கையோடு ரேடியோவை எடுத்துவிட்டால் சொல்வார். யாரும் பார்க்காத இடத்தில் நடந்திருந்தாலும் சொல்வார். சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டு, கையைக் கழுவி, புதுக் கையுறை மாட்டிக்கொண்டு தொட்ட இடத்தைத் துடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அதில் வெட்கமும் கிடையாது, பெருமையும் கிடையாது. வண்டியில் டீசல் குறைந்துவிட்டது என்று சொல்வதுபோல ஒரு தகவல், அவ்வளவுதான்.

கிள்ளானில் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் நிலையத்தில் நாங்கள் இருவரும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஒரே வண்டியில் வேலை செய்தோம். நான் மருத்துவ உதவியாளர். இங்கே எல்லாரும் எம்.ஏ. என்பார்கள். பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து வருவது என் வேலை. அவர் ஓட்டுநர். என்னைவிடப் பத்து வயது இளையவர். அந்த நாள்களில் அவரைப் பற்றி மற்றவர்களிடம் பேசும்போது 'அவ' என்றுதான் சொல்வேன். இப்போது எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்றுதான் வருகிறது. பெயரை எழுதப் போவதில்லை. எழுதுவதென்றால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்கிற முகம் எனக்கு இல்லை.

நிலையத்தில் அவருக்கு 'சாபுன்' என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. மலாயில் சவர்க்காரம். வைத்தது நான்தான்.

எங்களிடம் வருவதற்கு முன் கிள்ளானுக்கு வெளியே ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஆறு வருடம் இருந்திருக்கிறார். கையுறைக்குள் தண்ணீரை நிரப்பித் தொங்கவிட்டு, எங்காவது சொட்டுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. நாள் முழுக்க அதைத்தான் பார்த்திருக்கிறார். அதனால் எங்களைப்போல அவர் கையுறையை நம்பவில்லை. போடுவதற்கு முன்பும் கை கழுவுவார், கழற்றிய பிறகும் கழுவுவார். விரல் இடுக்கு, கட்டை விரலின் அடி, மணிக்கட்டு என்று எதையும் விடமாட்டார்.

"எதுக்குலா கிளவுஸ் போட்டுட்டு மறுபடியும் கழுவுற? கை தேஞ்சிறப் போவுது."

"அண்ணே, நான் ஆறு வருசம் கிளவுஸ்ல தண்ணி ஊத்திப் பாத்தவ. பாக்க நல்லாத்தான் இருக்கும். ஊத்துனா சொட்டும்."

நான் சிரிப்பேன். மற்றவர்களையும் சிரிக்க வைப்பேன்.

கோலாலம்பூர் பெரிய மருத்துவமனைகளுக்கு நோயாளிகளைக் கொண்டுபோய் விட்டுத் திரும்பும்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வண்டியை நிறுத்துவோம். நான் அப்படியே உள்ளே போய் உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிடுவேன். அவர் வண்டியிலேயே இருப்பார். மாற்றுச் சட்டை கொண்டுவந்த நாளில் மாற்றிக்கொண்டு வருவார். இல்லாத நாளில் தேநீரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி, வெளியே நின்றபடி குடிப்பார். ஒருநாள் கடைக்காரர் அதைக் கவனித்துவிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். "இவளுக்கு உங்க கடை ஆகாதாம் பாஸ்" என்றேன்.

கடைக்காரர் முகம் சுருங்கிப்போனது. இவர் வாசலில் நின்றபடியே சொன்னார்: "கடை சுத்தம்தாண்ணே. நான்தான் சுத்தமா இல்ல. இப்பத்தான் ஒருத்தரத் தூக்கிக் குடுத்துட்டு வரோம்."

அந்த ஒருத்தரைத் தூக்கியது நானும்தான். என் சட்டைக் கையில் அவருடைய வாந்தி காய்ந்திருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு என் சட்டையைப் பார்த்தார். நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை சுத்தம் பார்க்கிறவருக்கு மனிதர்கள்மேல் அருவருப்பு இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கோவிட் பரவிய காலத்தில் அது தவறு என்று தெரிந்தது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடு ஒன்றில் ஓர் ஆன்டி. வயது எழுபதுக்கு மேல் இருக்கும். மூச்சு இரைத்தது. தலை முதல் கால் வரை மூடிய உடுப்பில் நாங்கள் இருவரும் போய் நின்றதும், அந்த அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று அழ ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகள் எல்லாரும் வெளியூரில். நான் பொறுமை இழந்து, "ஆன்டி, லேட்டாவுது, வாங்க" என்று அதட்டினேன்.

அவர் என்னை நிறுத்தச் சொல்லிவிட்டு, கையைச் சுத்தம் செய்துகொண்டு, கதவைத் தாண்டித் திறந்த வராந்தாவின் கடைசிக்குப் போனார். அங்கே நின்று முகக்கவசத்தைக் கழற்றினார். "ஆன்டி, இங்க பாருங்க. இதுதான் என் மூஞ்சி. நல்லா பாத்துக்குங்க. இனிமே இந்தத் துணிக்குள்ள இருக்கறது நான்தான், சரியா?" என்று கத்தினார். மறுபடியும் கையைச் சுத்தம் செய்து, புதுக் கவசம் போட்டு, ஓரம் காற்று போகாமல் பொருந்தியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்தார். அந்த அம்மா கட்டிலை விட்டார். வண்டி வரைக்கும் இவர் கையை விடவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடம்பெல்லாம் சிரங்கு இருந்த ஒரு நோயாளியை ஒரு காலையில் ஏற்றினோம். அடுத்ததாக, டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஓர் அக்காவை ஏற்றினோம். அந்த அக்காவை இறக்கிவிட்ட பிறகுதான் இவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை இடையில் துடைக்கவில்லை. நிலையத்துக்கு வந்ததும் நேராக மேலாளர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டார். பிறகு அந்த அக்காவுக்குப் போன் போட்டு, தோல் அரித்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள் என்றும் சொன்னார். அந்த அக்காவின் கணவர் போனிலேயே கத்தினார். மேலாளர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்.

"யாரு பாத்தா? வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல" என்றேன்.

"நான் பாத்தேனே அண்ணே" என்றார். பிறகு, நான் கேட்டது தனக்குப் புரியவே இல்லை என்பதுபோல என்னைப் பார்த்தார். "சொல்லாம இருந்தா அந்த அக்கா அரிப்பு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியாம அலைவாங்க. சொல்லிட்டா முடிஞ்சிச்சு."

அந்தக் கடிதத்தை மூன்றாய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டி கழுவப் போய்விட்டார்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

அவருக்கு முதல் பிள்ளை பிறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பெண் குழந்தை. பண்டமாரானில் மாமியார் பார்த்துக்கொண்டார். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. இவர் வேலை இடைவேளையில் தாய்ப்பாலை எடுத்துப் புட்டிகளில் ஊற்றி, நேரம் எழுதிய ஒட்டுத்தாளோடு நிலையத்துக் குளிர்பெட்டியில் வைப்பார். அதற்கும் நாங்கள் ஏதோ கேலி பேசியிருப்போம்.

அன்று காலை எங்கள் முதல் நோயாளி, கிள்ளானில் மயங்கி விழுந்த ஒரு தளவாடக் கடை அங்கிள். சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே கையில் நரம்பு தேடி டிரிப் ஊசி குத்தினேன். குழாய் உள்ளே போனதும் ஊசியை வெளியே எடுத்து, உடனே மஞ்சள் பெட்டிக்குள் போட வேண்டும். கூரான எதையும் அதற்குள்தான் போட வேண்டும் என்பது நாங்கள் முதல் வாரத்திலேயே படிப்பது. பெட்டி எனக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. அங்கிள் கையை உதறிக்கொண்டிருந்தார். நான் ஊசியை ஸ்ட்ரெச்சர் மெத்தையின் ஓரத்தில் குத்தி வைத்தேன். ஒரு நிமிடத்துக்கு என்றுதான். அதற்கு முன்பும் பலமுறை அப்படிச் செய்து, பலமுறை ஞாபகமாய் எடுத்துப் போட்டிருக்கிறேன். அன்றைக்கு மருத்துவமனை வந்துவிட்டது. அங்கிளை இறக்கினோம். ஊசி மெத்தை மடிப்புக்குள் போய்விட்டது. நான் மறந்தே போனேன்.

நான் வெளியே நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவர் மெத்தையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மற்றவர்களாய் இருந்தால் மேலே ஒரு துடைப்பு துடைத்துவிட்டு வந்திருப்பார்கள். அவர் மெத்தையின் தையல் ஓரங்களை விரலால் பிரித்துத் துடைப்பவர்.

"அண்ணே, குத்திருச்சு."

ஓடினேன். கையுறையைக் கழற்றி, வாசலில் இருந்த குழாயில் சவர்க்காரம் போட்டு விரலைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆள்காட்டி விரலில் ஒரு சின்னப் புள்ளி.

"அமுக்கி ரத்தத்த வெளிய எடு" என்றேன்.

"அமுக்கக் கூடாதுண்ணே. தண்ணி ஓடுனா போதும்." பிறகு மெத்தைப் பக்கம் தலையை ஆட்டினார். "யாரோடது அது?"

அந்தக் கேள்வியில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. யாருடைய ரத்தம் என்று தெரிந்துகொள்ளக் கேட்டார், அவ்வளவுதான். என் வாய் எனக்கு முந்திக்கொண்டது.

"தெரியலலா. நைட் ஷிப்டுக்காரனோடதா இருக்கும்."

அவர் ஊசியை இடுக்கியால் எடுத்து மஞ்சள் பெட்டிக்குள் போட்டார். நாங்கள் அவசரப் பிரிவுக்குள் போனோம். மருத்துவர் ஒரு சீனப் பெண். நிதானமாக விளக்கினார். ஊசி யாருக்குப் போட்டது என்று தெரிந்தால் அந்த ஆளின் ரத்தத்தை இன்றைக்கே பரிசோதிக்கலாம். ஒன்றும் இல்லையென்றால் மருந்தை நிறுத்திவிடலாம், பாலும் கொடுக்கலாம். தெரியாவிட்டால் எச்.ஐ.வி. வராமல் தடுக்க இருபத்தெட்டு நாள் மாத்திரை, மூன்று மாதம் வரை ரத்தப் பரிசோதனை, அதுவரை தாய்ப்பால் கொடுக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

அவர் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நம்ம கேஸ்ல எதாவது...?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தளவாடக் கடை அங்கிள் பக்கத்து அறையில்தான் படுத்திருந்தார். திரைச்சீலைக்கு அப்பால் அவர் மகள் பேசும் சத்தம் எனக்குக் கேட்டது.

"இல்ல. நான் எல்லாத்தையும் பெட்டியில போட்டுட்டேன்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு மருத்துவரிடம் தெரியவில்லை என்று சொன்னார்.

நிலையத்துக்கு வந்ததும் குளிர்பெட்டியைத் திறந்தார். காலையில், ஊசி குத்துவதற்கு முன்னால் எடுத்த பால் ஒரு புட்டி இருந்தது. "இது பரவால்ல. இத மட்டும் குடுக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பையில் வைத்தார். மாலையில் மார்பு கனத்து வலித்திருக்க வேண்டும். பாலைப் பிழிந்து எடுத்துவந்து கழுவுதொட்டியில் ஊற்றினார். ஊற்றும்போது என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் கைப்பேசியைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அங்கிளைப் பார்க்க வார்டுக்குப் போனேன். ஏதாவது செய்யலாம் என்றுதான் போனேன். அங்கே இருக்கும் தாதியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அங்கிள் என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து உட்கார்ந்தார். "உசுரக் காப்பாத்திட்டீங்க தம்பி" என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மகள் பழச்சாறு கொடுத்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது.

மேலாளர் விசாரித்தார். இரவுப் பணி எம்.ஏ. ஒரு மலாய்க்காரர். அமைதியான மனிதர். தான் இல்லை, தான் எந்த ஊசியையும் அப்படி வைப்பதில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மேலாளர் என்னைப் பார்த்தார். நான் பேசுவதற்கு முன் இவர் பேசினார்.

"அண்ணன் போட்டுட்டேன்னு சொன்னா போட்டிருப்பாரு, பாஸ். எங்கிட்ட சொன்னாரு. இதுல யாராச்சும் பொய் சொல்வாங்களா?"

சிரங்குக்காரரின் பட்டையை மறைக்கத் தெரியாதவருக்கு, இப்படி ஒரு விஷயத்தை ஒருவன் மறைப்பான் என்று தோன்றவே இல்லை. இரவுப் பணிக்காரருக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது.

அந்த இருபத்தெட்டு நாளும் அவரைக் கிடங்கில் உட்கார வைத்தார்கள். மாத்திரை குடலைப் புரட்டியது. முகம் சாம்பல் பூத்துப்போனது. குழந்தை புட்டிப்பால் குடிக்காமல் முதல் வாரம் அலறியதாம். வீட்டில் மாமியார் இவருக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் எடுத்து வைத்துவிட்டார். அதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கே தனித் தட்டு அண்ணே. தட்டுல எல்லாம் ஒட்டாதுன்னு சொன்னேன், கேக்கல. பயம்லா, பாவம். புள்ளையத் தூக்குனாக்கூட பாத்துக்கிட்டே நிக்கறாங்க."

நான் "சரியாயிரும்லா" என்றேன். வேறென்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. அந்த மாதம் முழுக்க நான் மிக நல்லவனாக இருந்தேன். வண்டியை நானே கழுவினேன். மெத்தை ஓரங்களைப் பிரித்துத் துடைத்தேன். அவருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். சாபுன் என்று யாராவது கூப்பிட்டால் அதட்டினேன். அவர் என்னைப் பற்றிக் கணவரிடம் நல்லவிதமாகச் சொல்லியிருக்கிறார். ஒருநாள் அந்தக் கணவரே வந்து என் கையைக் குலுக்கி நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் மாதப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை என்று வந்தது. அதன் பிறகுதான் சொன்னேன். அதற்கு முன் சொல்லவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆபத்து எல்லாம் தாண்டியபின் சொன்னால் எனக்கு வலி குறைவாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

பண்டமாரானில் அவர் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கார் நிறுத்தும் இடத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன். ஊசி என்னுடையது. குத்தியதும் எனக்குத் தெரியும். மூன்று மாதமாகத் தெரியும்.

அவர் கையில் குழந்தையின் சட்டை இருந்தது. அதை உதறி, கிளிப் மாட்டி முடித்தார்.

"எந்த பேஷண்ட்?"

"அந்தத் தளவாடக் கடை அங்கிள்."

"அவரு மூணு நாள் வார்டுலதான இருந்தாரு?"

"ஆமா."

"மூணு நாள்" என்றார். வீட்டுக்குள் மாமியார் குழந்தையிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "டெஸ்ட் எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம் திரும்பக் குடுத்துரலாம்னு நெனச்சேன். இப்ப அவளும் வாய் வைக்க மாட்டேங்கறா. எனக்கும் பால் நின்னுருச்சு."

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"நைட் ஷிப்டுக்காரருக்கு லெட்டர் போயிருக்கு. நாளைக்குக் காலையில போய் முதல்ல அத மாத்துங்க. அவரத் திட்டித் திட்டி எல்லாரும் பேசுறாங்க, நானும் பேசிட்டேன்."

உள்ளே வரச் சொல்லவில்லை. கத்தவும் இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் பணி இடைநீக்கம், ஒரு கடிதம், மறுபயிற்சி. அவ்வளவுதான். நான் மூன்று மாதம் ஒரு குழந்தையின் பாலை விலையாகக் கொடுத்துத் தள்ளிப்போட்டது இந்த இரண்டு வாரத்தைத்தான். இரவுப் பணிக்காரரின் கடிதத்தை மேலாளர் கிழித்துப் போட்டார். இவர் அவரிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டிய நான் அன்றைக்கு வீட்டில் படுத்திருந்தேன்.

நான் திரும்பி வந்தபோது என் வண்டிக்கு வேறு ஓட்டுநர். சில மாதத்தில் இவர் ஷா ஆலமில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்குப் போய்விட்டார்.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். கிள்ளான் ரயிலுக்காக நின்றபோது, அதே நடைமேடையில் அவரைப் பார்த்தேன். கையைப் பிடித்தபடி பள்ளிக்கூடப் பையோடு ஒரு சிறுமி. ஒதுங்கிப் போக நினைத்தேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"நல்லா இருக்கீங்களா அண்ணே?"

"இருக்கேன்மா."

"அண்ணி, புள்ளைங்க?"

"நல்லா இருக்காங்க."

சிறுமி என்னை அண்ணாந்து பார்த்தாள். அம்மாவின் கண்கள்தான். "யாரும்மா இவரு?" என்றாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். நான் செய்தது எதுவாயிருந்தாலும் அதை அந்தக் குழந்தையிடம் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. சொல்லிவிடுவார் என்றுதான் நின்றேன்.

"அம்மாகூட வேலை செஞ்சவரு" என்றார்.

ரயில் வந்தது. அவர் தலையசைத்துவிட்டு மகளோடு ஏறினார். எனக்கும் அதே ரயில்தான். கதவு மூடும்வரை நடைமேடையிலேயே நின்றுவிட்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அடுத்த ரயிலுக்கு அரைமணி நேரம் இருந்தது.